நம்மைக் கேட்காமல் ஓடும் கன்ட்ரோல் ரூம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "உன் துறையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா, மலர்லயும் போட்டுக்கலாம்" என்றார். என் துறை இன்ஸ்ட்ருமென்டேஷன். அனல் மின் நிலையத்தில் பாய்லரின் அழுத்தம், தண்ணீர் மட்டம், நீராவியின் வெப்பம் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் எங்கள் துறைக்காரர்களே தூங்கிவிடுவார்கள். ஆகவே நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கன்ட்ரோல் ரூமைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. சபையில் டாக்டர்கள் யாராவது இருந்தால், பொறியாளன் பாஷையில் சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்ததற்கு என் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாம் கேட்காமல் நடப்பவை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதயம் நிமிஷத்துக்கு 70 முறை துடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. மூச்சு நிமிஷத்துக்கு 15 என்றால் நாளொன்றுக்கு 21,600. நம் யோகப் பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இதே எண்தான். சிதம்பரம் பொற்கூரையில் 21,600 ஓடுகள் இருப்பதாகச் சொல்வதும் இதை வைத்துத்தான். இந்த 21,600-இல் இன்றைக்கு எத்தனை மூச்சை நீங்கள் கவனித்து விட்டிருப்பீர்கள்? இப்போது நான் சொன்னதும் ஒன்றிரண்டைக் கவனித்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

மூச்சு விட ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் என்ன ஆகும்? அப்படியும் சில குழந்தைகள் பிறக்கின்றன. விழித்திருக்கும்போது ஓரளவு சரியாக மூச்சு விடும், கண் அயர்ந்தால் மூச்சு குறைந்துபோகும். ஒவ்வொரு இரவும் கருவி வைத்துத்தான் தூங்க வைக்க வேண்டும். இதற்குக் காரணமான மரபணுக் கோளாறை 2003-இல் கண்டுபிடித்தார்கள். மிக அபூர்வமான நோய்தான். ஆனாலும் நமக்கு இலவசமாக நடந்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தப் பெற்றோர்களைக் கேட்டால்தான் தெரியும்.

இந்தத் தானாக நடக்கும் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் நரம்பு அமைப்புக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பெயர். இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த லாங்லி என்ற உடலியல் அறிஞர், 1898-இல். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஜீரணம், வியர்வை, கண்பாவையின் அளவு எல்லாம் இதன் பொறுப்பில் வருகின்றன. தலைமை அலுவலகம் மூளையின் அடிப்பக்கம். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் உள்ள முகுளம் ஒரு முக்கியமான மேஜை. அதற்கு மேலே ஹைபோதலாமஸ் இன்னொன்று.

எழுந்து நின்றால் என்ன ஆகிறது?

எங்கள் துறையில் எதைக் கட்டுப்படுத்த வேண்டுமானாலும் மூன்று பொருள் வேண்டும். அளந்து சொல்ல ஒரு சென்சார், அதைப் பார்த்து முடிவெடுக்க ஒரு கன்ட்ரோலர், முடிவைச் செய்து முடிக்க ஒரு வால்வோ மோட்டாரோ. நம் உடம்பிலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கூட்டம் தொடங்கியபோது தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றோம் அல்லவா? எழுந்த மாத்திரத்தில் ஒவ்வொருவர் உடம்பிலும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிட்டது. மூளையோ இதயத்துக்கு மேலே, மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. குழாயில் பிரஷர் குறைந்தால் முதலில் தண்ணீர் நிற்பது மாடியில்தானே? நியாயமாகப் பார்த்தால் முதல் வரியிலேயே பாதிப் பேர் மயங்கி விழுந்திருக்க வேண்டும். யாரும் விழவில்லை.

காரணம் இதுதான். தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அதன் சுவரில் அழுத்தம் அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய தமனியின் வளைவிலும் உண்டு. சுவர் விரிந்தால் இவை முகுளத்துக்கு அதிகமாகச் செய்தி அனுப்பும். சுவர் தளர்ந்தால் செய்தி குறையும். நாம் எழுந்ததும் அழுத்தம் இறங்கியது, செய்தி குறைந்தது. முகுளம் உடனே இதயத்தைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டது. கால், வயிற்று ரத்தக் குழாய்களைச் சுருக்கியது. சில விநாடிகளில் அழுத்தம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நாம் பாட்டுக்குப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம்.

வெயிலில் அணிவகுப்பில் வெகு நேரம் அசையாமல் நிற்கும் மாணவன் திடீரென்று விழுகிறானே, அது இதே அமைப்பு ஒரு கணம் தடுமாறுவதால். அப்போது நாம் செய்ய வேண்டியது, அவனைத் தரையில் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துவது. நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அது மாடித் தொட்டியை மறுபடி உயரத்தில் ஏற்றுவது மாதிரி. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்

இதயத்துக்கு இரண்டு விதமான நரம்புகள் போகின்றன. தண்டுவடத்திலிருந்து வருவது சிம்பதெடிக், பள்ளிப் புத்தகத்தில் பரிவு நரம்பு என்று படித்திருப்பீர்கள். இது ஆக்சிலரேட்டர். முகுளத்திலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நீளமாக இறங்கி வருவது வேகஸ். இது எதிர்ப்பரிவு நரம்பு, அதாவது பிரேக்.

1845-இல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் இந்த வேகஸ் நரம்புக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் வேகம் குறைந்து நின்றது. அதுவரை நரம்பு என்றால் ஓர் உறுப்பை வேலை செய்ய வைப்பது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஓர் உறுப்பை அடக்குவதற்காகவும் நரம்பு இருக்கிறது என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதயத்தின் சொந்த வேகம் 70 அல்ல. நரம்பு எதுவும் இல்லாமல் விட்டால் வாலிப வயதில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். அறுவையில் நரம்புகளை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்பதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர்களுக்கு நாடி 90, 100 என்று இருக்கும். ஆக, நாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நாடி 70 என்றால், வேகஸ் பிரேக்கை லேசாக மிதித்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து நிற்கும்போது முதலில் நடப்பது பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. ஆக்சிலரேட்டர் பிறகுதான் வருகிறது. பிரேக் அடுத்த துடிப்புக்குள் வேலை செய்யும். ஆக்சிலரேட்டருக்குச் சில விநாடிகள் பிடிக்கும். இந்த 100 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பிரேக் நரம்பு இதயத்திடம் என்ன பாஷையில் பேசுகிறது? மின்சாரமா, ரசாயனமா? இதற்கு விடை சொன்னவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி. 1921-இல் ஒரு நாள் இரவு கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து துண்டுத்தாளில் கிறுக்கி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. (நம் பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு அவர் கஷ்டம் புரியும்.) நல்ல வேளையாக மறு இரவும் அதே கனவு வந்தது. இந்த முறை தாளை நம்பாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார்.

இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். ஒன்றில் வேகஸ் நரம்பு உண்டு, இன்னொன்றில் இல்லை. முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டினார், அது மெதுவானது. அது ஊறியிருந்த உப்புத் தண்ணீரை எடுத்து இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார். அதற்கு நரம்பே இல்லை, ஆனாலும் மெதுவானது! நரம்பு முனையிலிருந்து ஏதோ ஒரு ரசாயனம் கசிந்து அந்தத் தண்ணீரில் இருந்திருக்கிறது. அதுதான் பிறகு அசிட்டைல்கோலின் என்று உறுதியானது. 1936-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில், 1938-இல், யூதர் என்பதற்காக நாஜிகள் அவரைச் சிறையில் போட்டார்கள். நோபல் பரிசுப் பணத்தை அவர்கள் கையில் ஒப்படைத்த பிறகுதான் நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் அவருடைய சோதனையைப் படிக்கிறார்கள்.

பூனையின் வயிறும் பரீட்சை நேரமும்

எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895-இல். அதற்கடுத்த ஓரிரு வருஷத்திலேயே ஹார்வர்டில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், பூனைக்கு பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து அதன் வயிறு அரைப்பதை எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை கோபப்பட்டாலோ பயந்தாலோ வயிறு அரைப்பதை அப்படியே நிறுத்திவிட்டது. ஆபத்து வந்தால் உடம்பு ஜீரண இலாகாவை மூடிவிட்டு, ரத்தத்தைக் கை கால் தசைகளுக்கு அனுப்புகிறது. இதயம் வேகமாகிறது, கண்பாவை விரிகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. 'சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு' என்று இதை 1915-இல் அவர் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

தம்பி தங்கைகளே, வைவா அன்றைக்குக் காலையில் இட்லி தொண்டையில் இறங்காததற்குக் காரணம் இதுதான். அது கோழைத்தனம் இல்லை. எக்ஸ்டர்னல் எக்ஸாமினரைப் புலி என்று நினைத்து உடம்பு தயாராகிறது, அவ்வளவே.

உடம்புக்குள் எல்லாம் நிலையாக இருப்பதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தவரும் கேனன்தான், 1926-இல். அவருடன் வேலை பார்த்த மெக்சிகோ நாட்டு அறிஞர் ரோசன்புளூத், கணித மேதை நார்பர்ட் வீனருக்கு நண்பரானார். வீனர் 1948-இல் சைபர்னெடிக்ஸ் என்ற நூலை எழுதி அந்த நண்பருக்கே காணிக்கையாக்கினார். இயந்திரத்துக்கும் பிராணிக்கும் கட்டுப்பாடு ஒரே விதிகளில் நடக்கிறது என்பது அந்த நூலின் சாரம். நாம் மூன்றாம் வருஷத்தில் மல்லுக்கட்டும் ஃபீட்பேக் பாடத்துக்கும் உடலியலுக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு.

ஒரு உதாரணம். காய்ச்சல் வரும்போது முதலில் குளிர் நடுக்கம் ஏன்? ஹைபோதலாமஸ் செட் பாயின்டை 37 டிகிரியிலிருந்து 39-க்கு ஏற்றிவிட்டது. உடம்பு இன்னும் 37-இல்தான் இருக்கிறது. கன்ட்ரோலர் கணக்கில் அது இரண்டு டிகிரி குளிர்ச்சி. அதனால்தான் போர்வை கேட்கிறோம், நடுங்கிச் சூடேற்றுகிறோம். மாத்திரை போட்டதும் செட் பாயின்ட் இறங்குகிறது, இப்போது உடம்பு சூடு அதிகம், வியர்த்துக் கொட்டுகிறது. பாட்டி சொல்கிற "வேர்த்துடுச்சு, இனி ஜுரம் விட்டுடும்" என்பது கன்ட்ரோல் தியரிப்படி நூற்றுக்கு நூறு சரி.

ஒரே ஒரு கைப்பிடி

இந்த அமைப்பில் நாம் கை வைக்க இடமே இல்லையா? ஒன்று இருக்கிறது. மூச்சு மட்டும் ஆட்டோவிலும் ஓடும், மேனுவலிலும் ஓடும். இப்போதே செய்து பார்க்கலாம். இடது மணிக்கட்டில் நாடியைப் பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணும் வரை விடுங்கள். இழுக்கும்போது நாடி வேகமாவதும் விடும்போது மெதுவாவதும் பின்வரிசை மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். முன்வரிசைப் பெரியவர்களுக்கு வயதைப் பொறுத்துக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். மூச்சை இழுக்கும்போது வேகஸ் பிரேக்கைத் தளர்த்துகிறது, விடும்போது மிதிக்கிறது. பதற்றத்தில் மெதுவாக மூச்சு விடச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் மேனுவலுக்கும் எல்லை உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, முகுளம் நம் கையிலிருந்து கைப்பிடியைப் பிடுங்கிக்கொள்ளும். கிணற்றிலும் ஆற்றிலும் முங்கு நீச்சல் பந்தயம் போடுகிற தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை. குதிப்பதற்கு முன் 'புஸ் புஸ்' என்று பலமுறை வேகமாக மூச்சு வாங்காதீர்கள். அது கரியமில வாயுவைக் குறைத்து அந்த எச்சரிக்கை மணியைத் தள்ளிப்போடுகிறது. மணி அடிக்கும் முன்பே பிராணவாயு தீர்ந்து தண்ணீருக்குள் நினைவு போய்விடும். நல்ல நீச்சல்காரர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

மணி அடிக்காத வீடு

இப்போது, சொல்கிறேன் என்ற சம்பவம். என் அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினேழு வருஷமாகச் சர்க்கரை. நாலு வருஷத்துக்கு முன், விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் தலைசுற்றல் வர ஆரம்பித்தது. "அது ஒண்ணுமில்லடா, பித்தம்" என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். எலுமிச்சம்பழமும் சீரகமும் நடந்தன. ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது.

தையல் போட்ட டாக்டர் ஒரு காரியம் செய்தார். அப்பாவைப் படுக்க வைத்து பி.பி. பார்த்தார், 150. எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்த்தார், 116. மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டிய விஷயம். இங்கே 34. நாடியோ படுத்திருக்கும்போது 96, நின்றபோது 98. அழுத்தம் அவ்வளவு இறங்கியும் இதயம் எழுந்து வேலை பார்க்கவில்லை.

டாக்டர் அப்பாவிடம், "ஐயா, நீங்க டிரைவர். உங்களுக்குச் சொன்னாப் புரியும். சர்க்கரை பிரேக் வயரை அரிச்சிருச்சு. அதான் வண்டி சும்மா நிக்கும்போதே தொண்ணூத்தாறுல ஓடுது. ஆக்சிலரேட்டர் வயரும் தேஞ்சுபோச்சு. அதான் மேடு வந்தா இழுக்கல" என்றார்.

நான் சொன்ன 100 என்ற எண் இங்கேதான் வருகிறது. நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும்போது நீளமான நரம்புகள் முதலில் அடி வாங்குகின்றன. காலில் மதமதப்பு முதலில் வருவது அதனால்தான். வேகஸும் நீளமான நரம்பு. பிரேக் போனால் இதயம் தன் சொந்த வேகத்துக்குப் போய்விடுகிறது. நின்றாலும் படுத்தாலும் மூச்சு இழுத்தாலும் அதே ஓட்டம்.

அதன் பிறகு ஈ.சி.ஜி. எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, "முன்னாடி எப்போ அட்டாக் வந்துச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அட்டாக்கா? அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஒரு நாள்கூட வந்ததில்லையே! அம்மாதான் யோசித்துச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் சட்டை நனைய வியர்த்தது, மூச்சு வாங்கியது, "காஸ் டிரபிள்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார், மறுநாள் சரியாகிவிட்டது என்று. அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இதயத்தின் வலியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் கம்பிகள் இந்தத் தானியங்கு நரம்புகளோடு சேர்ந்தேதான் ஓடுகின்றன. அவை கெட்டுவிட்டால் மாரடைப்பு வந்தும் வலி தெரியாமல் போகலாம். வீட்டில் தீ, ஆனால் மணி அடிக்கவில்லை.

அப்பா இன்று நன்றாக இருக்கிறார். டாக்டர் பார்த்து மாத்திரைகளை மாற்றினார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். எழுந்ததும் ஒரு நிமிஷம் கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கிறார். "ஹேண்ட் பிரேக் எடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார். ஆனால் கெட்ட நரம்பு முழுவதும் திரும்பி வரவில்லை.

லேம்ப் டெஸ்ட்

எங்கள் கன்ட்ரோல் ரூமில் எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டாலும் பழைய அலாரம் பேனல் ஒன்று இன்னும் சுவரில் இருக்கிறது. சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு விளக்கு. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் ஒரு ஜன்னல் எரியும், எண்ணெய் சூடானால் இன்னொன்று. எல்லா ஜன்னலும் இருட்டாக இருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். அல்லது, விளக்கு பியூஸ் போயிருக்கிறது என்று அர்த்தம்! இரண்டையும் பார்வையில் பிரிக்க முடியாது. அதற்காகவே ஓரத்தில் 'லேம்ப் டெஸ்ட்' என்று ஒரு பித்தான் உண்டு. ஷிப்டுக்கு வந்ததும் அதை அழுத்தினால் எல்லா விளக்கும் ஒன்றாக எரிய வேண்டும். எரியாததை மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் இருட்டை நம்பலாம்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று நாம் சொல்வது அந்த இருட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான். நம்மைக் கேட்காமல் நடக்கும் அமைப்பு கெடும்போதும் நம்மைக் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. அதற்கும் ஒரு பித்தானை அழுத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

இது யாருக்கோ சொல்வதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர். இந்த அரங்கத்தில் முன்வரிசைகளில் மாத்திரைப் பெட்டி இல்லாத சட்டைப்பை குறைவாகத்தான் இருக்கும். ஷிப்ட் வேலை, நேரம் கெட்ட சாப்பாடு, உட்கார்ந்த உத்தியோகம் என்றிருக்கும் என் வயதுக்காரர்களும் அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில.

ஒன்று, பி.பி.யைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பாருங்கள் என்று கேளுங்கள். உட்கார வைத்துப் பார்த்தால் மட்டும் இது தெரியாது.

இரண்டு, ஈ.சி.ஜி. ஓடும்போது நிமிஷத்துக்கு ஆறு மூச்சு இழுத்துவிடும் சோதனை உண்டு. சற்று முன் நாம் மணிக்கட்டில் பார்த்தோமே, அதே சங்கதி. வேகஸுக்கான லேம்ப் டெஸ்ட் இதுதான்.

மூன்று, திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், காரணமில்லாத பெரும் களைப்பு வந்தால், நெஞ்சு வலிக்கவில்லை என்பதை வைத்துச் சமாதானம் ஆகாதீர்கள். சோடாக் கடைக்குப் போகாமல் ஈ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.

நான்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் முன்போல் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அதுவும் ஒரு விளக்கு.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரையில், நோய் தெரிந்த நாளிலிருந்தே இந்தச் சோதனைகளைத் தொடங்கலாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். தலைசுற்றுகிறது என்று நீங்களாகவே பி.பி. மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டாம். வால்வை மூடும் அதிகாரம் ஷிப்ட் இன்சார்ஜுக்குத்தான்.

தடுக்க முடியுமா என்றால், பெருமளவு முடியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் போட்டே ஆக வேண்டிய வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரை வைத்து நடந்த ஆய்வு 1993-இல் வெளியானது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்பாட்டில் வைத்தவர்களுக்கு நரம்புக் கெடுதல் 60 சதவீதம் குறைந்திருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது வேறு வகை, அதில் சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதாது. டென்மார்க்கில் அப்படிப்பட்ட 160 பேரை ஏறக்குறைய எட்டு வருஷம் கவனித்து 2003-இல் முடிவு சொன்னார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, உணவு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தவர்களுக்கு, தானியங்கு நரம்புக் கெடுதல் முற்றும் அபாயம் பாதிக்கும் கீழே போயிருந்தது. மந்திரம் எதுவும் இல்லை, எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது, சர்க்கரை உள்ள அப்பா அம்மா யாராவது "எழுந்தா கிர்ருங்குது, பித்தம்" என்று சொன்னால், அடுத்த முறை டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிஷ வேலை, பெரிய செலவும் இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் நாம் கூடும்போது கண் சோதனையும் ரத்ததானமும் நடக்கின்றன. அடுத்த வருஷம் அதோடு ஒரு கட்டிலும் ஒரு பி.பி. கருவியும் ஒரு ஈ.சி.ஜி. மெஷினும் போடலாம். நம்மில் டாக்டர் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் இருக்கிறோம், ஆளுக்குப் பஞ்சம் வராது. செலவில் என் பங்கை இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறேன். மீதியை நம் பேட்ச்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களைக் கேட்காமலே அறிவிக்கிறேன்.